மதுரைவீரனைப் பெற்றவர்கள்

எங்கள் தெருக் கோயிலில் நிற்கும் மதுரைவீரனைப் பெற்றவர்கள் யார் என்று கேட்டால் கணியூரில் இரண்டு பதில்கள் கிடைக்கும். பெரிய எழுத்துக் கதைப்புத்தகம் படித்தவர்கள் காசி ராஜா என்பார்கள். மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை நாட்டுக்கு ஆகாது என்று சோதிடர்கள் சொல்ல, குழந்தையைக் காட்டில் போட்டுவிட்டார்கள். செருப்புத் தைக்கிற சின்னான் எடுத்து வளர்த்தான். 1956இல் வந்த எம்.ஜி.ஆர். படமும் இதைத்தான் காட்டியது. வளர்த்த தம்பதியாக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் நடித்தார்கள். எங்கள் தெருவில் பொங்கல் வைக்கும் இரவில் பாடுகிற பெரியவர்களோ காசிப் பக்கம் போவதே இல்லை. அவர்கள் பாட்டில் வீரன் அந்தக் குடிசையிலேயே பிறக்கிறான். சின்னானின் மனைவிதான் அவனைப் பெற்றவள். அவளுக்குப் பிரசவ வலி எடுப்பதில் தொடங்கித்தான் பாட்டு நடக்கும்.

நான் அருந்ததியர். அரசு ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சாமிக்கு யார் தாய் என்ற விசயத்தில் இரண்டு கதை இருந்தால் என்ன, கும்பிடுகிறவனுக்கு எல்லாம் ஒன்றுதானே என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது ஒன்றாகத் தெரியவில்லை. வீரம் என்று ஒன்று இருந்தால் அது அரச ரத்தத்தில்தான் வர வேண்டும் என்ற நம்பிக்கை அந்தக் காசிக் கதைக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோல் தைக்கிறவன் வளர்க்கலாம், பெற முடியாது. கடவுளைப் பற்றிச் சொல்லப்படும் இந்த ஒரு செய்தியில் மனிதர்களைப் பற்றிய தீர்ப்பு முழுவதும் அடங்கிவிடுகிறது.

இப்படி மாறியது மதுரைவீரன் கதை மட்டும் அன்று. பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குப் பக்தர்கள் தோல் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். அந்தப் பட்டவராயன் முத்துப்பட்டன் என்ற பிராமணன். எங்கள் சாதி வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பி, மாமனார் சொன்னபடி பூணூலைக் களைந்து செருப்புத் தைத்து மணந்துகொண்டவன். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்துத் தெய்வமானவன். இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்த நா. வானமாமலை, பிந்திய வடிவங்களில் அந்தப் பெண்கள் பிராமணப் பிறப்புக் கொண்டவர்களாகவும் காட்டில் கண்டெடுக்கப்பட்டவர்களாகவும் மாற்றப்பட்டிருப்பதை எடுத்துக் காட்டினார். ஒரே தந்திரம் இரண்டு முறை. பாடுகிறவனின் வாயிலிருந்து எழுதுகிறவனின் கைக்குக் கதை போகும் வழியில் எங்களுடைய பிறப்பு தொலைந்துவிடுகிறது.

ஒரு சமூகம் தன் பதிவுகளைத் தானே வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கத் தொடங்கியதற்கு இந்தச் சாமிகள்தான் காரணம்.

அரசாங்கப் பதிவை எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோர் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. நான் வேலை பார்த்த பள்ளிகளில் பழைய பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறேன். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நேராகப் பக்கம் பக்கமாக ஒரே சொல்: கூலி. மாடு பூட்டிக் கவலை இறைக்கும் சாலுக்குத் தோல் வால் தைத்தவர் கூலி. தப்பட்டைக்குத் தோலை வார்த்து, நெருப்பில் காய்ச்சி, காதால் பதம் பார்த்தவர் கூலி. கிணற்றுக்குள் இறங்கிப் பாறைக்குக் குழி போட்டவர் கூலி. ஊரின் பாதிப் பிள்ளைகளைக் கையில் வாங்கிய மருத்துவச்சியும் கூலி. எழுதிய ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, நானும் அந்தக் கட்டத்தை நிரப்பியவன்தான். அந்தக் கட்டத்துக்கு வேறு சொல் தேவைப்படவே இல்லை. சம்பளம் எதுவென்று பார்த்தால் கூலி சரி. தெரிந்தது என்னவென்று பார்த்தால் அங்கே ஒரு பெரிய அறிவு இருந்தது. மின்சார மோட்டார் வந்து கவலை நின்றபோது அந்த அறிவும் போயிற்று. போனது இன்னதென்று ஒரு வரிகூட எங்கும் இல்லை.

இலங்கை மலையகத்திலும் இதே நிலைதான். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வாழ்க்கை செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் நாள்பேராக மட்டும் இருந்தது. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயத்து அறைகளையே காட்சியறைகளாக்கி 2007இல் அவர்களுக்கென ஒரு அருங்காட்சியகம் அமைக்கப்பட்டது. கொழுந்துக்கூடையும் அடுப்பும் விளக்கும் அங்கே இருக்கின்றன. துரை பங்களாவில் தொடங்காத ஒரு தேயிலை வரலாறு அது.

கோயில் கல்வெட்டும் பள்ளிப் பதிவேடு போலத்தான். கணியூர், கடத்தூர், கொழுமம், குமரலிங்கம் என்று அமராவதிக் கரையில் கிடக்கும் எங்கள் ஊர்கள் பழைய கரைவழி நாட்டைச் சேர்ந்தவை. கடத்தூர் அர்ச்சுனேசுவரர் கோயிலில் கொங்குச் சோழர் கல்வெட்டுகள் உண்டு. கொடைகளும் நிலமும் விளக்கெண்ணெயும் அவற்றில் பேசப்படும். கரூர் பசுபதீசுவரர் கோயில் உள்ளிட்ட கொங்குநாட்டுக் கோயில்கள் சிலவற்றில் ஒரு வித்தியாசமான அரச ஆணை இருக்கிறது. கம்மாளர்கள் தங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்று அரசன் அனுமதி தருகிறான். அனுமதி கொடுத்த அன்றுவரை அவர்கள் செருப்பில்லாமல் நடந்தார்கள் என்பதை அந்தக் கல் தெரியாமலே சொல்லிவிடுகிறது. அவர்களாவது கல்லில் ஏறினார்கள். அந்தச் செருப்பைத் தைத்துக் கொடுத்தவன் எந்த வரியிலும் இல்லை.

அரசாங்கக் கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2009இல் தமிழ்நாட்டில் அருந்ததியருக்கு மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முன் நீதிபதி ஜனார்த்தனம் குழு எங்களைக் கணக்கெடுத்துப் பார்த்தது. இத்தனை பேர் இருக்கிறார்கள், படிப்பிலும் வேலையிலும் இவ்வளவுதான் இருக்கிறார்கள் என்று காட்ட முடிந்ததால்தான் சட்டம் வந்தது. 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. என் தெருவில் அந்த ஒதுக்கீட்டில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்கில் வருவது பெரிய காரியம். ஆனாலும் எண்ணிக்கையில் இடம் கிடைப்பதும் கதையில் இடம் கிடைப்பதும் வேறு வேறு.

கதையில் இடம் தேடும்போது நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் ஆள், தலித் சிந்தனையாளர் பண்டிதர் அயோத்திதாசர். 1845இல் பிறந்தவர். எங்கள் கோவைப் பகுதியில் பிறந்தார் என்று சொல்வார்கள். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். ஆரியமாலையை விரும்பியதற்காகக் கழுமரம் ஏறிய தெய்வத்தின் பெயர் அது. பின்னால் தமக்குக் கல்வி சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் பெயரை எடுத்துக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஜார்ஜ் ஹாரிங்டன் என்ற ஆங்கில அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். அவர் தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியை ஹாரிங்டனிடம் கொடுத்தார், அது தமிழ் கற்ற ஆங்கில அதிகாரி எல்லிஸ் கைக்குப் போய் அச்சேற வழி பிறந்தது என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். அடுக்களையில் வேலை செய்தவர் வீட்டுப் பரணில் வள்ளுவர் இருந்தார். படிப்பு இவர்களுக்கு ஏது என்று கேட்டவர்களுக்கு அந்தக் குடும்பத்தின் ஞாபகமே பதில்.

1898இல் சென்னை இராயப்பேட்டையில் அவர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைக் கொண்டுவந்தார். ஓராண்டுக்குப் பிறகு அது 'தமிழன்' ஆயிற்று. 1914இல் அவர் இறக்கும்வரை அரசியல், வைத்தியம், பண்டிகை, மழை, விவசாயம், புத்த தன்மம் என்று வாரந்தோறும் எழுதினார். அதற்குப் பிறகு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு பொதுவெளியில் அவர் பெயரே கேட்கவில்லை. இதழ்கள் மட்டும் எங்கேயும் போய்விடவில்லை, வீடுகளில் இருந்தன. கோலார் தங்கவயலிலும் வட தமிழ்நாட்டிலும் பௌத்தம் தழுவிய குடும்பங்கள் அவற்றைப் பாதுகாத்தன. சென்னையில் அன்பு பொன்னோவியம் தேடிச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றைக் கொண்டுதான் ஞான. அலாய்சியஸ் 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளைத் தொகுத்தார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. தமிழ்நாட்டின் சிந்தனை வரலாறே அந்த இரண்டு தொகுதிகளால் திருத்தி எழுதப்பட வேண்டியதாயிற்று. எத்தனை வீடு மாறியிருப்பார்கள், எத்தனை மழைக்காலம் ஒழுகும் கூரைக்கடியில் அந்தக் காகிதங்களை இடம் மாற்றி வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் காரியத்தை அறச்செயல் என்று மட்டும் சொன்னால் எனக்குப் போதவில்லை. வழிபாடு என்றே சொல்வேன்.

இப்படித் தப்பித்தவை மிகச் சில என்பதையும் சொல்ல வேண்டும். தலித்துகள் நடத்திய இதழ்களைத் தேடி ஆராய்ந்த ஜெ. பாலசுப்பிரமணியம், 1869இல் வந்த 'சூரியோதயம்' தொடங்கி நீண்ட வரிசை ஒன்றைத் தம் நூலில் காட்டுகிறார். அவற்றுள் பலவற்றுக்குப் பெயர் மட்டுமே மிச்சம்.

அயோத்திதாசரைப் படிக்கையில் எனக்கு ஒரு சிக்கலும் உண்டு. தீபாவளி எள்ளெண்ணெய் கண்டுபிடித்த நாள், கார்த்திகை தீபம் ஆமணக்கெண்ணெய் கண்டுபிடித்த நாள், இரண்டுமே புத்த பிக்குகள் உலகுக்குத் தந்தவை என்று அவர் எழுதுகிறார். இன்றைய வரலாற்று ஆசிரியர் இதை ஏற்க மாட்டார். வரலாறாக நானும் ஏற்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கிறேன். இழந்த பெருமையைத் தேடும்போது அவர் அரண்மனைக்குப் போகவில்லை. எண்ணெய் ஆட்டியவனையும் மருந்து கண்டவனையும் விளக்கேற்றியவனையும் தேடிப் போனார். சாதிப் பெருமை பேசும் எங்கள் கால நூல்கள் பெரும்பாலும் போவது வேறு திசையில். நாங்களும் ஒரு காலத்தில் ஆண்டோம், எங்களுக்கும் கோட்டை இருந்தது என்று எழுதுகிறார்கள். எங்கள் சமூகத்திலும் எழுதுகிறார்கள். 2022இல் பூலித்தேவரின் தளபதியாக இருந்த எங்கள் சமூகத்து ஒண்டிவீரனுக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். நான் மகிழ்ந்தேன், வாங்கியும் வைத்திருக்கிறேன். ஆனால் வாள் எடுத்தவரை மட்டும் தேடுவோமானால், அரச ரத்தம் இல்லாமல் வீரன் இல்லை என்ற காசிக் கதையை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். தோல் தைத்த என் அப்பா யாரையும் ஆளவில்லை. அவரைப் பதிவுசெய்ய வேறு தகுதி எதுவும் தேவையில்லை என்பதுதான் என் கட்சி.

இந்த எண்ணத்தோடுதான் எங்கள் தெரு இளைஞர்களும் நானும் வேலையைத் தொடங்கினோம். கோயிலை ஒட்டிய சிறு அறையில் ஒரு இரும்புப் பீரோ. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகும் பையன்கள்தான் இதில் கெட்டிக்காரர்கள். ஓவர்லாக், பிளாட்லாக் ஓட்டுகிறவர்கள், செக்கிங், பேக்கிங் பார்க்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். கல்யாணப் படங்கள், இறந்தவர்களின் நினைவஞ்சலி நோட்டீசுகள், பழைய ரேசன் அட்டைகள், நூல் மில்லின் அடையாள வில்லைகள், பீஸ் ரேட் கணக்கு எழுதிய சிறு நோட்டுகள், ஒரு கவலைச் சாலின் இரும்பு வளையம் எல்லாம் சேர்ந்தன. எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. அதை எழுத எங்களில் யாருக்கும் தெரியாது. கிழவிகள் பாடும் ஒப்பாரியில் தெலுங்கும் தமிழும் அடுத்தடுத்த அடிகளில் வரும். தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்கிறோம். திருப்பூரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு புரிவதில்லை. பாடுகிறவர்கள் இருக்கும்போதே பொருள் கேட்டு வைக்க வேண்டியிருக்கிறது.

மருத்துவம் பார்த்த ஒரு பெரியம்மா நிறையச் சொன்னார். எந்த வேரை எப்போது அரைப்பது, குறுக்கே கிடக்கும் பிள்ளையை எப்படித் தடவித் திருப்புவது என்று கையால் காட்டிக்கொண்டே பேசினார். பண்ணையத்து வீடுகளில் பிரசவம் பார்க்கப் போனபோது எந்த வாசல் வழியாக விட்டார்கள், பிள்ளை வந்த பிறகு அந்த இடத்தை என்ன செய்தார்கள், கூலியை எப்படிப் போட்டார்கள் என்பதும் பேச்சில் வந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் ஆள் அனுப்பி என்னை வரச் சொன்னார்.

"மருந்தையெல்லாம் எழுது கண்ணு. அதைய மட்டும் எழுதிப்போடாதே."

"உண்மைதானுங்களே பெரியம்மா? நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சு? எம் பேத்தி படிக்கோணுமா அதை? நான் அங்க எப்படி நின்னேன்னு?"

எனக்குப் பதில் வரவில்லை. உண்மையை மறைப்பது பாவம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவமானப்படுத்தியவர்களுக்கு இது சாதகமாகப் போய்விடுமே என்ற கவலையும் இருந்தது. இருந்தும் அவர் சொன்னதில் இன்னொரு நியாயம் எனக்குப் புலப்பட்டது. அந்தப் பண்ணையத்து வீட்டில் எந்த வாசலில் நிற்பது என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. எங்கள் பீரோவில் எப்படி நிற்பது என்று முடிவு செய்யவும் அவருக்கு உரிமை இல்லையென்றால், நாங்கள் நடத்துவதும் அந்த வீடுதான்.

வேறொரு விசயம் இதை எனக்கு இன்னும் தெளிவாக்கியது. எங்கள் மடத்துக்குளம் வட்டத்துக் குமரலிங்கத்தைச் சேர்ந்த சங்கர், வேறு சாதிப் பெண்ணைக் காதலித்து மணந்ததற்காக 2016 மார்ச் 13ஆம் தேதி உடுமலைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பொறியியல் படித்த இளைஞர். அந்தக் கொலை கண்காணிப்பு கேமராவில் பதிவாகி நாடு முழுக்க ஓடியது. எங்கள் பக்கத்துத் தலித் இளைஞன் ஒருவனைப் பற்றி உலகம் மிக அதிகமாகப் பார்த்த பதிவு அவன் வெட்டுப்படும் காட்சிதான். வழக்குக்கு அது தேவைப்பட்டது, சரி. அதற்குப் பிறகும் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தவர்கள் எதை நினைவில் வைத்தார்கள்?

மதுரைவீரனும் விரும்பிய பெண்ணுக்காக மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன்தான். பாட்டில் அது வரும், பாடுகிறவர் அந்த இடத்தில் அழுவார். ஆனால் நான் பார்த்த எந்தக் கோயிலிலும் அவன் வெட்டுப்பட்டு நிற்கவில்லை. ஓங்கிய வாள், முறுக்கிய மீசை, இரு பக்கமும் அவன் மனைவியர் பொம்மியும் வெள்ளையம்மாளும். கையும் காலும் முழுசாக இருக்கின்றன. அநியாயத்தைப் பாட்டில் வைத்தார்கள், ஆளை முழுசாகச் சிலையில் வைத்தார்கள். எதை எங்கே வைப்பது என்று அந்த மூதாதைகள் யோசித்திருக்கிறார்கள். எங்களுக்கு வழிகாட்ட வேறு நூல் வேண்டியதில்லை.

என் பேரன் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அவனுடைய எதிர்ப்பு வேறு வகை. தன் பெயரும் படமும் அந்தப் பீரோவில் இருக்கவே கூடாது என்கிறான். அங்கே வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி, நீங்க என்ன ஆளுங்க என்பதுதான். ஊர் பெயரையும் தெருப் பெயரையும் சேர்த்துப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார்கள். "தாத்தா, யாருன்னு தெரியாம இருக்கறதுதான் எனக்கு அங்க கிடைச்ச ஒரே சுதந்திரம். அதையும் நீங்க எழுதி வெச்சுட்டா?" என்று கேட்டான். ஆன்மா என்று நிலையாக ஒன்று இல்லை என்றார் புத்தர். அவரை ஏற்றுக்கொண்ட பண்டிதரை நான் கொண்டாடுகிறேன். அப்படியிருக்க, எந்த அடையாளத்தை எந்தக் காலத்துக்கும் கட்டிப்போடப் பார்க்கிறேன் என்று அன்றிரவு எனக்கே தோன்றியது. ஆனால் சாதியை வைத்து ஆளை அறிகிற உலகம் இருக்கும்வரை, அந்த ஆள் யார் என்பதைச் சொல்லும் வேலையை அந்த உலகத்திடமே விட்டுவிடவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பேரனும் நானும் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவன் பெயரை நான் எழுதவில்லை. என் பெயரோடு எங்கள் கிளை அந்த நோட்டில் நிற்கிறது. பிறகு எழுதுவதா வேண்டாமா என்பது அவன் பாடு.

இப்போது எங்கள் பதிவேட்டில் ஒவ்வொருவர் சொன்னதற்கும் நேராக இரண்டு கட்டங்கள் வைத்திருக்கிறோம். தொழில் என்ற கட்டத்தில் அவரவர் சொல்லும் சொற்கள் போகும், எவ்வளவு நீளமானாலும். பக்கத்துக் கட்டத்தில் இதை யார் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்று சொன்னவரே சொல்ல வேண்டும். பெரியம்மா சொன்னதில் மருந்துகள் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. மற்றதை அழிக்க வேண்டாம், தான் போன பிறகு பேத்தி கேட்டால் மட்டும் கொடுக்கலாம் என்று பல நாள் யோசித்துச் சொன்னார். வீரன் பிறப்புப் பாட்டை யூடியூபில் போட வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டபோது பாடுகிற பெரியவர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். பாதியில் வெட்டக் கூடாது, பிரசவ வலியிலிருந்து முழுசாகப் போட வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுமே, யார் பார்ப்பார்கள் என்று பையன்கள் தயங்கினார்கள். போன வாரம் ஒலியைச் சரிபார்த்து முழுசாகவே ஏற்றிவிட்டார்கள்.